நூற்று அறுபதுக்கு நூற்று ஏழு

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் எனக்குப் பிரஷர் இருப்பதாகத் தெரிந்தது.

பாப்பாவுக்கு அப்போது ஏழாவது மாதம். பல் முளைக்கிற நேரம். மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. பின்மண்டையில் ஒரு வலி, தூக்கமில்லாததால் வந்த வலி என்று எனக்கே தெரியும். ஆனாலும் மாசமாக இருந்தபோது வாங்கிய பி.பி. மெஷினை அலமாரியிலிருந்து எடுத்து, கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். தெரிந்த ஒன்றை நம்பாமல் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது என் சுபாவம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் நான்.

மெஷின் உறுமியது. பட்டை இறுகிப் பிடித்து, மெல்ல விட்டது. மேல் வரியில் 160. கீழ் வரியில் 107.

கையை மாற்றிக் கட்டினேன். 158. 105. தண்ணீர் குடித்துவிட்டு, கண்ணை மூடி இருபது எண்ணிவிட்டு, மறுபடி. 159. அதற்குள் என் நெஞ்சு அடித்துக்கொள்வது எனக்கே கேட்டது. அந்தப் படபடப்பில் எண் ஏறவில்லையே என்று அப்போது தோன்றவில்லை.

என் நைனாவுக்குப் பிரஷர் இருந்தது. அனந்தபுரத்தில் எங்கள் வீட்டில் மாத்திரை டப்பா அலமாரி மேல் தட்டில் இருக்கும், அவர் அதைத் தொடமாட்டார். ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். இடது பக்கம் வரவேயில்லை. நான்கு வருடம் படுக்கையில் கிடந்தார், அம்மா அவரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே நான்கு வருடமும் வாழ்ந்தாள். அதனால் நூற்று அறுபதைப் பார்த்தபோது நான் கண்டது அந்தக் கட்டிலை. அதில் நான். பக்கத்தில் நிற்கத் தெரியாத என் பாப்பா.

என் கணவர் செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். பஞ்சர் ஒட்டுவது, காற்று அடிப்பது, புது டயர் மாட்டுவது. மதியம் சாப்பிட வந்தவரிடம் சொன்னேன்.

"நூத்தி அறுவதா?" என்றார். "லாரிக்கே நூத்தி பத்துக்கு மேல நான் அடிக்க மாட்டேன். நீ இன்னா டேங்கர் லாரியா?"

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார்.

அத்தை, கணவரின் அம்மா, சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நான் தான் அன்னிக்கே சொன்னேனே. பச்ச ஒடம்புக்காரி, தலைக்குக் குளிச்சிட்டு ஈரத்தோட மாடிக்கு ஏறாத, எறங்காதன்னு. யார் கேட்டா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல அத்த."

"பாத்தியா, பாத்தியா, கோவப்படாத. ஏறிடும்."

அன்றிலிருந்து அந்த வார்த்தை எங்கள் வீட்டில் குடியேறியது. ஏறிடும்.

பிரசவத்துக்கு முன்பு நான் ஐந்து வருடம் பள்ளியில் இயற்பியல் எடுத்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகும் திண்டிவனத்துக்குப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பாப்பாவுக்கு ஆறு மாதம் ஆனதும் உள்ளூரிலேயே ஒரு பள்ளியில் சேரலாம் என்று பேச்சு. கணவர் ஒத்துக்கொண்டிருந்தார். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. "பாக்கலாம்" என்றிருந்தார். இப்போது பார்க்க ஒன்று கிடைத்துவிட்டது. "மொதல்ல அது எறங்கட்டும், அப்பறம் ஸ்கூலு" என்றார். நானே அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு நோட்டுப் போட்டேன். ஸ்கேல் வைத்துக் கோடிழுத்து நாள், நேரம், மேல், கீழ் என்று நான்கு பத்திகள். காலை ஒன்று, மாலை ஒன்று. 157க்கு 104. 156க்கு 101. 160க்கு 106. மாணவர்களின் செய்முறை நோட்டைத் திருத்திப் பழகிய கை, ஒரு எண்ணும் கோட்டைத் தாண்டாது. அந்த நோட்டைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த வாரமே டாக்டரம்மாவிடம் காட்டினேன், அவர் தன் கையால் பார்த்தபோது 118க்கு 76 வந்தது.

"இங்க நார்மலா இருக்கேம்மா" என்றார். "அடுத்த தடவ வரும்போது அந்த மெஷினையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் வெச்சுப் பாத்துடலாம்."

அடுத்த தடவை போனபோது பாப்பா ஒரு தோளில், பை ஒரு தோளில், பைக்கில் பின்னால் நான். மெஷின் டப்பாவைக் கையில் எடுத்தேன். "அத வேற எதுக்கு தூக்கிட்டு? நோட்டுல தான் எல்லாம் இருக்குதே" என்றார் கணவர். சரியென்று வைத்துவிட்டேன். டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். இரண்டு வாரம், இருபத்தெட்டு வரிகள், ஒன்றுகூட நூற்று ஐம்பத்தைந்துக்குக் கீழே இல்லை. அவர் பார்த்தபோது அன்றும் நூற்றுப் பதினெட்டு.

"சில பேருக்கு இப்படி உண்டு" என்றார். "இங்க வந்தா எறங்கும், வீட்ல ஏறும். வீட்ல ஏதாவது டென்ஷனா?"

கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டரம்மா அரை மாத்திரை எழுதிக்கொடுத்தார். பாப்பாவுக்குப் பால் கொடுக்கலாம், பயமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். மருத்துவமனையில் சரியாகவும் வீட்டில் அதிகமாகவும் காட்டுகிற ரத்த அழுத்தம் உண்மையிலேயே இருக்கிறது. அதற்கு ஒரு பெயரும் இருக்கிறது. வெளியே தெரியாததால் அதுதான் ஆபத்தானது என்று போட்டிருந்தது. ஒரு பக்கம் முடிந்தால் அடுத்தது. ஒவ்வொன்றும் என்னைப் பற்றியே எழுதியிருந்தது. அதற்குப் பிறகு மெஷினைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை. என்னைச் சந்தேகிப்பதுதான் எனக்குச் சுலபமாக வரும்.

யாரும் கதவைப் பூட்டவில்லை. யாரும் அதட்டவில்லை. அந்த வீட்டில் அந்த ஐந்து வாரம் எல்லோரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அத்தை எனக்கென்று ஒரு சின்னக் குண்டானில் உப்பில்லாத குழம்பு வைத்தார். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டு. முருங்கைக்கீரைத் தண்ணீர். கருவாடு வறுத்தால் எனக்கு வாசம் வராமலிருக்கப் பின்கட்டில் அடுப்பை வைத்து வறுப்பார். தீபாவளிக்கு முறுக்குச் சுற்றும்போது எனக்கு மட்டும் உப்புப் போடாத மாவில் நான்கு சுற்றி, அடையாளத்துக்கு அதன் நடுவில் ஒரு மிளகைப் பதித்து வைத்தார். அவ்வளவு சிரத்தையோடு ஒருவர் நம்மை அடைத்து வைத்தால் கோபப்படக்கூட முடியாது.

மாடிப்படி ஏறக் கூடாது என்றாகிவிட்டது. துணி காயப்போட அத்தையே ஏறினார், முட்டியைப் பிடித்துக்கொண்டு. கீழே இரண்டு அறை, சமையலறை, பின்கட்டு. பின்கட்டில் நின்றால் அடுத்த வீட்டுச் சுவர். மாடியில் நின்றால்தான் மலையும் கோட்டையும் தெரியும், காற்று வரும். அது எனக்கு அவ்வளவு தேவைப்பட்டதென்று அது போன பிறகுதான் தெரிந்தது.

எதைப் பேசினாலும் அந்த வார்த்தை வந்து நின்றது. பாப்பாவுக்குப் பவுடர் பால் இப்போதே வேண்டாமே என்றால், "டென்ஷன் ஆவாத, ஏறிடும்." ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போய்வருகிறேன் என்றால், "பஸ்ல போனா ஏறிடும்." பள்ளி விஷயம் என்ன ஆச்சு என்று கணவரிடம் கொஞ்சம் அழுத்திக் கேட்டால், அவர் எழுந்துபோய் மெஷினைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பார். நான் கையை நீட்டுவேன். நூற்று ஐம்பத்தொன்பது. பேச்சு முடிந்துவிடும்.

அத்தையை ஒருநாள் கை நீட்டச் சொன்னேன். "நான் மாட்டேம்மா. பாத்தா தான் நோவு வரும். எனக்கு இது வரைக்கும் ஒண்ணுமில்ல, ஏன்னா நான் பாத்ததே இல்ல" என்றார். அன்று மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

மாத்திரை ஆரம்பித்த நான்காம் நாள் எண் இறங்கத் தொடங்கியது. 148. 141. மூன்று வாரத்தில் 133க்கு 87. அத்தை கற்பூரம் ஏற்றினார். கணவர் பாப்பாவைத் தூக்கி, "ஒங்கம்மாவுக்கு காத்து எறங்குது டோய்" என்றார்.

எனக்குத்தான் சரியாக இல்லை. தரையிலிருந்து எழுந்தால் சுவர் இருண்டது. ஒருநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் இரண்டு அடி வைப்பதற்குள் கால் நழுவுவதுபோல் இருந்தது. சட்டென்று சுவரில் முதுகைச் சாய்த்து, வழுக்கிக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். பாப்பா மடியில் விழுந்தாள். அடியொன்றும் படவில்லை, பயத்தில் வீறிட்டாள். அத்தை ஓடிவந்தார்.

"தலைய சுத்துச்சி அத்த."

"மாத்திர வேல செய்யுதுன்னு அர்த்தம்."

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தபோது எண்ணை மட்டும் சொன்னேன், தலைச்சுற்றலைச் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு வியாதி சேர்ந்துகொள்ளும் என்ற பயம். "இன்னும் கொஞ்சம் எறங்கணும். நூத்தி இருவதுக்கு எம்பது வரட்டும். நாளையிலேர்ந்து முழு மாத்திரையா போடுங்க" என்றார். தப்பு அவருடையது இல்லை. நான் கொடுத்த எண்ணை வைத்துத்தானே அவர் பேச முடியும்.

அதற்கு முந்தைய நாள் எனக்கு ஒரு போன் வந்திருந்தது. பாப்பா பிறப்பதற்கு முன்பு விண்ணப்பம் கொடுத்த பள்ளி, திருவண்ணாமலை சாலையில் இருக்கிறது. தலைமையாசிரியை பேசினார். இயற்பியல் மிஸ் ஒருவர் நின்றுவிட்டாராம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். வேறு இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறோம், யார் நன்றாக எடுக்கிறார்களோ அவர்களுக்கு வேலை, அன்று வராவிட்டால் அவ்வளவுதான் என்றார். பாடம், அழுத்தமும் அதன் அலகுகளும்.

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று, தாழ்ந்த குரலில், வருகிறேன் மேடம் என்றேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மெஷின் வரும். நான் கையை நீட்டுவேன். எனக்கு எப்படிப் போவதென்று ஒரு வழியும் தெரியவில்லை. ஆனாலும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மதியம். சாப்பாடு முடிந்து, அத்தை பாப்பாவை மார்மேல் போட்டுக்கொண்டு கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கிழித்துவைத்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பாடத்தைத் தயார் செய்தேன். முழு மாத்திரை ஒரு சின்னத் தட்டில் பக்கத்திலேயே இருந்தது. நான்கு மணிக்குப் போட வேண்டும்.

பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் கசக்கும். எனக்குத் தெரியும். அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். அதற்கு ஏன் இத்தனை அலகுகள் என்றுதான் கேட்பார்கள். அதனால் அவர்கள் பார்த்திருக்கிற பொருள்களிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். பெட்ரோல் பங்க்கில் காற்றடிக்கிறவர் முப்பது என்கிறாரே, அது பி.எஸ்.ஐ. அங்குலச் சதுரத்துக்கு முப்பது பவுண்டு. என் கணவர் கடையில் கம்ப்ரஸர் எட்டு கிலோ காட்டுகிறதே, அது சென்டிமீட்டர் சதுரத்துக்கு எட்டு கிலோ. வானிலைச் செய்தியில் புயலுக்கு மில்லிபார். டாக்டர் பி.பி. பார்த்துச் சொல்வது பாதரசத்தின் உயரம், மில்லிமீட்டரில். பாடப்புத்தகத்தில் பாஸ்கல். எல்லாம் ஒன்றையே வேறுவேறு கோலால் அளப்பது.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டுவதற்கு நம் தலைமேல் இருக்கிற காற்று போதும். கடல்மட்டத்தில் அதன் அழுத்தத்தை ஒரு வரியாக எழுதினேன்: 760 மில்லிமீட்டர் பாதரசம், 101.3 கிலோபாஸ்கல், 1.013 பார், 14.7 பி.எஸ்.ஐ., கிட்டத்தட்ட ஒரு கிலோ. இந்த ஒரு வரி தெரிந்தால் எதையும் எதுவாகவும் மாற்றலாம். 760ஐ 101.3ஆல் வகுத்தால் 7.5. ஒரு கிலோபாஸ்கலுக்கு ஏழரை மில்லிமீட்டர் பாதரசம்.

மாதிரிக் கணக்கு ஒன்று வேண்டும். பிள்ளைகளுக்குத் தெரிந்த எண்ணாக இருக்க வேண்டும். சரியான பி.பி. 120க்கு 80 என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கிலோபாஸ்கலாக மாற்றச் சொல்லலாம்.

120ஐ ஏழரையால் வகுத்தேன். 16.0.

80ஐ வகுத்தேன். 10.67. ஒரு தசம இடத்துக்குச் சுருக்கினால் 10.7.

விடையைப் பெரிதாக எழுதிச் சுற்றிக் கட்டம் போட்டேன். 16.0 / 10.7.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. என் கையெழுத்தில்தான் பார்த்திருக்கிறேன். எழுந்து நோட்டை எடுத்தேன், முதல் பக்கம், முதல் வரி. 160. 107.

உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை தலை சுற்றவில்லை.

உடனே நம்பியிருப்பேன் என்று நினைக்க வேண்டாம். தற்செயலாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேலைக்குப் போக வேண்டும் என்கிற ஆசையில் மனசு கணக்கை வளைக்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு பேனாவை எடுத்து ஒவ்வொரு வரியாகப் போட்டேன். நடுவில் ஒரு புள்ளி வைத்து, ஏழரையால் பெருக்கி. 15.7 என்றால் 118. 15.6 என்றால் 117. 15.9 என்றால் 119. பக்கம் முழுக்க நூற்றுப் பதினேழும் பதினெட்டும் பத்தொன்பதும் வந்து விழுந்துகொண்டே இருந்தன. டாக்டரம்மா தன் கையால் இரண்டு தடவை பார்த்ததும் அதுதான். 

கடைசி வரிக்கு வந்தேன். நேற்று மாலை, 133க்கு 87. பதிமூன்று புள்ளி மூன்று, பெருக்கல் ஏழரை. நூறு. கீழே அறுபத்தைந்து.

மாத்திரை தட்டில் இருந்தது. நாங்கள் எல்லோரும் நூற்று இருபதுக்காகக் காத்துக்கொண்டிருந்தோம். இந்த மெஷின் நூற்று இருபது காட்டினால் அது பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். பாதரசத்தில் தொண்ணூறு. அதைக் கற்பூரம் ஏற்றிக் கொண்டாடிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்திருப்பேன்.

மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். வாங்கியபோது கண்ணாடி மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை நாங்கள் உரிக்கவே இல்லை. புதுசு கெடக்கூடாது என்று எல்லோரும் விட்டுவைப்பதுதான். ஒன்றரை வருடத்தில் அது புகைபடிந்து, உள்ளே குமிழும் தூசியுமாகக் கிடந்தது. அதன் வலது ஓரத்தில் பூஜையன்று அத்தை வைத்த சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம், காய்ந்து கெட்டியாக.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை பெரிய காரியம். கடையிலிருந்து ஸ்பேனர், ஜாக்கி, காற்று மீட்டர் எல்லாவற்றையும் துடைத்து அடுக்குவோம். இந்த வருடம், "இதுவும் மீட்டர் தான" என்று கணவர் பி.பி. மெஷினையும் வரிசையில் வைத்தார். பழைய பேட்டரி கசிந்திருந்ததால் புதுசு போட்டு என்னிடம் கொடுத்து, தேதி நேரமெல்லாம் சரிசெய்யச் சொன்னார். பிரசவத்துக்குப் பிறகு அதை யாரும் தொட்டிருக்கவில்லை. வருடம் மின்னியது, வைத்தேன். மாதம், நாள், மணி, நிமிடம். கடைசியாக ஓரத்தில் இன்னும் ஏதோ மின்னியது. அதற்குள் பாப்பா அழுதாள். அழுத்திவிட்டு எழுந்து போனேன். எத்தனை தடவை அழுத்தினேன் என்று நினைவில்லை. அப்புறம் அத்தை பொட்டு வைத்தார். நடுவில் வைத்தால் நம்பர் தெரியாதே என்று யோசித்து, யோசித்து, ஓரமாக வைத்தார்.

நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்டினேன்.

"இன்னா சுரண்டற?" கூடத்திலிருந்து அத்தை. கண் முழுதாகத் திறக்கவில்லை. "பூஜ பொட்டு அது. தானா உதிரணும், நாம அழிக்கக் கூடாது."

"அத்த, இதுல எழுத்து மறைஞ்சிருக்குது."

"இருந்தா இருக்கட்டும். நம்பர் தெரியுது இல்ல?"

நான் பிளாஸ்டிக் தாளின் மூலையைப் பிடித்து இழுத்தேன். பொட்டோடு சேர்ந்து ஒரே உரியாக வந்தது. பட்டையைக் கட்டிப் பட்டனை அழுத்தினேன். 13.1. 8.5. எண்களுக்கு நடுவில் கடுகைவிடச் சின்னதாகப் புள்ளிகள். வலது ஓரத்தில் கே, பி, ஏ என்று மூன்று எழுத்துகள். கிலோபாஸ்கல்.

"எனக்கு பிரஷர் இல்ல அத்த" என்றேன்.

அத்தை பாப்பாவைத் தட்டிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "மெதுவா பேசு" என்றார். "ஏறிடும்."

கணவருக்குப் போன் செய்து வரச் சொன்னேன். பாப்பாவுக்கு ஏதோ என்று பயந்து, கையில் டயர்க் கருப்போடு ஓடிவந்தார். நோட்டைக் காட்டினேன், காலண்டர் தாளைக் காட்டினேன். ஏழரை, தசமம் எல்லாம் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை.

"மெஷின் எப்படிம்மா பொய் சொல்லும்? அது வெறும் மெஷினு."

"பொய் சொல்லல. வேற பாஷையில சொல்லியிருக்குது. உங்க கம்ப்ரஸர் முகத்துல எத்தினி வட்டம் இருக்குது?"

"ரெண்டு. உள்ளாற கிலோ, வெளிய பவுண்டு."

"எட்டு கிலோவுக்கு முள்ளு நிக்கும்போது வெளி வட்டத்துல?"

"நூத்தி பதிமூணு, பதினாலு."

"காத்து ஒண்ணு தான?"

"ஒரே முள்ளு, ஒரே காத்து." சொல்லிவிட்டு நின்றார். மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியால் அந்தப் புள்ளியைத் தொட்டார். "ஏ... உள் வட்டத்த படிச்சிட்டு வெளி வட்டம்னு நெனச்சிருக்கறோம். அதுலயும் பாயிண்ட்ட முழுங்கிட்டு." பிறகு மெதுவாக, "அப்ப அந்த மாத்திர?"

"இல்லாத பிரஷருக்கு."

"நூத்தி இருவது வந்திருந்தா?"

"தொண்ணூறு."

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று அவர் தமாஷ் எதுவும் பேசவில்லை.

"யாரு இத மாத்தி வெச்சது?" என்று அத்தைதான் கேட்டார்.

பேட்டரி மாற்றினால் தானாக மாறிவிடும் என்று சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. "நான் தான் அத்த. தேதி வெக்கும்போது" என்றேன்.

"படிச்ச பொண்ணுன்னு தான மெஷின ஒங்கிட்ட குடுத்தோம்!"

மெஷினைத் துடைத்து டப்பாவில் வைத்தேன்.

மாத்திரையைப் போடவில்லை. அன்று மாலையே, இந்த முறை மெஷினையும் எடுத்துக்கொண்டு, டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பார்த்ததில் 98க்கு 64. என் மெஷினை அதே கையில் கட்டினார். 13.1. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மொத தடவையே சொன்னேன், மெஷின கொண்டாங்கன்னு."

"ஆமா டாக்டர்."

"தல சுத்துச்சா?"

"சுத்துச்சு."

"ஏன் சொல்லல?"

அவர் மாத்திரையை நிறுத்தச் சொன்னார். உப்பு எல்லோரையும்போலச் சாப்பிடலாம். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சட்டென்று எழ வேண்டாம், ஒரு நாளில் சரியாகிவிடும். "திங்கட்கிழமை ஒரு தடவ காட்டிட்டுப் போங்க. காலையிலயோ சாயங்காலமோ, உங்க வசதி."

"பத்து மணிக்கே கூட்டிட்டு வந்துடறேன் டாக்டர்" என்றார் கணவர்.

"சாயங்காலம் வரோம்" என்றேன். என் குரல் எனக்கே கொஞ்சம் உரக்கக் கேட்டது. யாரும் ஏறிடும் என்று சொல்லவில்லை.

வெளியே வந்து பைக்கை எடுக்கும்போது கேட்டார். "காலையில இன்னா?"

"பத்து மணிக்கு ஸ்கூல்ல டெமோ க்ளாஸ். வேலைக்கு."

"எப்ப கூப்டாங்க?"

"வியாழக்கெழம."

"மூணு நாளா சொல்லல?"

"சொன்னா மெஷின எடுத்துட்டு வருவீங்க."

அவர் சாவியைப் போட்டார். ஸ்டார்ட் செய்யவில்லை. "பத்து மணின்னா ஒம்பதரைக்கு கெளம்பணும்" என்றார்.

வீட்டில் சொன்னபோது அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. "பி.பி.யும் இல்லன்னு ஆயிடுச்சி. இனிமே நான் இன்னா சொல்லி ஒன்ன நிறுத்தறது?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். விளையாட்டாகச் சொன்னதாகத்தான் இருக்கும். இன்னும் இரண்டு வருடம் கழித்து அவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம் என்று நினைத்திருக்கிறேன், இப்போது கேட்க மாட்டேன். அன்று குழம்பில் உப்புத் தூக்கலாக இருந்தது. மூன்று தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருவேளை இந்த ஐந்து வாரமாக மெஷின் எனக்குக் கொடுத்த சாக்கைத்தான் நான் தேடினேனோ என்றும் தோன்றியது. பாப்பா அழுவாள், பால் குடிக்கமாட்டாள், அத்தைக்கு முட்டி வலி, பிள்ளைகள் முன்னால் நின்றால் எனக்கு வாய் வராது. போகாமலிருக்க நூறு காரணங்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்றையும் எண்ணாக மாற்றி நோட்டில் எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை போனேன். பாடம் எடுத்தேன். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. பதினொன்றரைக்கெல்லாம் வீட்டில் இருந்தேன். அத்தை பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் பாப்பா இரண்டு கையையும் நீட்டினாள்.

"இன்னா சொன்னாங்க?"

"வரச் சொல்லிட்டாங்க அத்த."

"எப்பலேர்ந்து?"

"நாளையிலேர்ந்து."

"நாளைக்கேவா?"

சாயங்காலம் டாக்டர் கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அத்த என்ற வாக்கியம் என் வாயில் முழுதாக வந்துவிட்டது. ஐந்து வாரமாகப் பழகிய வாக்கியம். அதை விழுங்கினேன். பாப்பாவை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்கே தான்" என்றேன்.